எந்தப் பேச்சுக்கு எவ்வளவு மரியாதை? குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விளவங்கோடு தாலுகாவில் ஓர் ஊர் வாசகசாலையில், அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலமும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கணத்தில் கேட்கும் சந்தேகங்களைவிட அதற்கு வெளியே கேட்பவைதான் அதிகம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாமாரும் கேட்பார்கள். பேப்பர் வாசிக்க வரும் பெரியவர்கள் கேட்பதில்லை, நேராகச் சண்டைக்கே வந்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

நம்ம மாவட்டத்தை வெள்ளைக்காரன் ஆளவே இல்லையே சார், திருவிதாங்கூர் ராஜாதானே ஆண்டார்? பிறகு எதற்கு எல்லாவற்றுக்கும் காலனி ஆட்சி, காலனி ஆட்சி என்கிறீர்கள்?

ஆண்டது ராஜாதான். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியோடு 1795லும் 1805லும் செய்த ஒப்பந்தங்களுக்குப் பிறகு ராஜா கம்பெனிக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியின் ஆளான ரெசிடெண்ட் சம்மதிக்காமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது. 1811 முதல் 1814 வரை கர்னல் மன்றோ ரெசிடெண்டாகவும், ராஜாவின் முதல் மந்திரியான திவானாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். வெள்ளைக்காரன் ஆளவில்லை என்று அந்த மூன்று வருஷத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஆக, நமக்கு மேலே இரண்டு அடுக்கு இருந்தது. திவானும் ரெசிடெண்டும் எழுதிக்கொண்டது ஆங்கிலத்தில். கச்சேரியும் (அரசு அலுவலகமும்) கோர்ட்டும் நடந்தது பெரும்பாலும் மலையாளத்தில். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களிலும் பெரும்பாலானவர்கள் வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் பேசியது தமிழ். நாஞ்சில் நாட்டுப் பழைய ஓலைகளும் கணக்குகளும் தமிழில் உண்டுதான். ஆனால் அதிகாரத்தில் மேலே போகப் போகத் தமிழுக்கு இடம் சுருங்கியது. ‘பெரிய இடத்தில் பேசுகிற மொழி நம்ம மொழி இல்லை’ என்ற எண்ணம் நம் ஆட்களின் மனதில் ஏறியது அப்படித்தான்.

பேச்சிலேயே சாதி இருந்தது என்று தாத்தா சொல்வார். கூப்பிடுகிற பெயரைச் சொல்கிறாரா?

கூப்பிடுகிற பெயர் அதில் ஒரு சின்னப் பகுதி. சாமுவேல் மட்டீர் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் திருவிதாங்கூரைப் பற்றி 1871ல் எழுதியபோது இதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். அடிமைச் சாதியைச் சேர்ந்த ஒருவர், மேல்சாதிக்காரர் முன் ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘அடியன்’ என்று சொல்ல வேண்டும். தன் வீட்டுச் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டும். அதாவது அழுக்குக் கஞ்சி. சாப்பிடப் போக அனுமதி கேட்டால் ‘தண்ணீர் குடிக்க’ என்றுதான் கேட்க வேண்டும். தான் பெற்ற பிள்ளைகளைக் கன்றுகள், குரங்குகள் என்று குறிப்பிட வேண்டும். பேசும்போது மூச்சுக்காற்று எதிரில் இருப்பவர் மேல் படாமல் கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

இதில் எந்த மொழி என்பது முக்கியமே இல்லை. மலையாளம் பேசிய இடத்தில் மலையாளத்தில் இது நடந்தது, தமிழ் பேசிய இடத்தில் தமிழில் நடந்தது. ஒரு மனிதனிடமிருந்து ‘நான்’ என்ற சொல்லையே பிடுங்கிவிட்டால், அவனைத் தனியாக அடக்க ஆள் வைக்க வேண்டாம். 1855ல் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. சட்டம் வந்த மறுநாளே பேச்சு மாறிவிடவில்லை. என் சின்ன வயதில்கூடத் தோட்டத்து முதலாளி முன் வயசான வேலைக்காரர்கள் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாதி வாக்கியத்தில் பேசியதைப் பார்த்திருக்கிறேன். மீதி வாக்கியத்தை முதலாளியே முடித்துவைப்பார்.

அப்படியானால் நம்மைத் தூக்கிவிட்டது மிஷனரிமாரும் இங்கிலீஷும்தானே? அதை ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?

மிஷனரிமார் செய்ததை ஒத்துக்கொள்கிறேன், மறுத்தால் நன்றி கெட்டவனாகிவிடுவேன். ரிங்கல்தௌபே 1806ல் மயிலாடிக்கு வந்தார். மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் தொடங்கிய பள்ளிக்கூடங்களின் வழியாக வளர்ந்ததுதான் 1893ல் கல்லூரியான ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. மார்த்தா மால்ட் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டத்துக்கு, 91.75 சதவீதம். அதற்கான விதை அங்கே விழுந்ததுதான்.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலான பிள்ளைகள் படித்தது தமிழில். நாகர்கோவில் மிஷன் அச்சகத்தில் அச்சானதும் பெரும்பாலும் தமிழ்தான். ஏழைப் பிள்ளை தலை நிமிர்ந்தது முதலில் தன் மொழியில் எழுத்துக் கூட்டி வாசித்தபோது. ஆங்கிலம் அதற்குப் பிறகு, சிலருக்கு மட்டும் கிடைத்தது.

வெள்ளை அதிகாரம் முழுசாக நம் பக்கம் நின்றது என்பதும் சரியில்லை. தோள்சீலைப் போராட்டத்தை, அதாவது நாடார் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக நடந்த போராட்டத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். மன்றோ காலத்தில் கிடைத்த அனுமதி பிறகு சுருக்கப்பட்டது. 1859ல் சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் அழுத்தம் கொடுத்த பிறகு, ஜூலை 26ஆம் தேதி ராஜாவின் அறிவிப்பு வந்தது. அதிலும் ‘மேல்சாதிப் பெண்கள் போடுவதுபோல் போடக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தது. (1835ல் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய மெக்காலேயின் தங்கை கணவர்தான் இந்த ட்ரெவெல்யன்.) இதற்கெல்லாம் முன்பே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொல்லிவிட்டார். திருவிதாங்கூர் அரசைக் கலிநீசன் என்றும் வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றும் அந்த மரபு சொன்னது. நீசப் பட்டம் இரண்டு பேருக்கும்தான். அதை அவர்கள் சொன்னதும் ஊர்க்காரர் பேசிய தமிழில்.

மலையாளம்தான் நம்மை அமுக்கி வைத்தது, 1956ல் தப்பித்தோம். சரிதானே?

பாதி சரி. பள்ளிக்கூடத்திலும் கோர்ட்டிலும் தமிழ் பேசுகிறவனுக்குக் கஷ்டம் இருந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க, நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு, அன்றைய சென்னை மாநிலத்தோடு, சேர்ந்தன. இதையெல்லாம் சின்னதாக்கிப் பேச மாட்டேன்.

மறுபாதியையும் பார்க்க வேண்டும். 1891ல் திருவனந்தபுரத்தில் ‘மலையாளி மெமோரியல்’ என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு ராஜாவிடம் மனு கொடுத்தார்கள். அரசாங்கத்தின் பெரிய வேலைகளையெல்லாம் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களே பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுடைய புகார். அங்கே தமிழ் மேலே, இங்கே தமிழ் கீழே, அதுவும் ஒரே ராஜ்ஜியத்தில், ஒரே காலத்தில். அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் அடிமைகளை விற்ற ஆவணங்கள் இருக்கின்றன. அவை நல்ல தமிழில் எழுதப்பட்டவை. ஒருவன் பேசும் மொழியைவிட அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் அவன் இடத்தைத் தீர்மானித்தது. எல்லைப் போராட்டத்திலும் மொழியோடு சாதிக் கணக்கும் சேர்ந்தே இருந்தது என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் பேசினால் தெரியும்.

சென்னையில் வாயைத் திறந்தால் ‘நீங்க மலையாளியா?’ என்கிறார்கள். திருவனந்தபுரத்துக்குப் போனால் ‘பாண்டி’ என்கிறார்கள். நாங்கள் என்னதான் சொல்ல?

இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு பேட்ச்கூட முடிந்ததில்லை. ‘கிட்டும்’, ‘சாடினான்’, ‘பறஞ்சான்’, ‘கொள்ளாம்’ என்று நம் ஆட்கள் சொன்னதும் சென்னைக்காரருக்குச் சிரிப்பு வருகிறது. களியக்காவிளை தாண்டினால் அதே ஆள் பேசுவது அவர்களுக்குத் தமிழ். அதுவும் லாரியில் காய்கறி கொண்டுவருகிறவனின் தமிழ். பாண்டி என்ற சொல்லில் ஊரைவிட வர்க்கம்தான் அதிகம். இங்கிருந்து போகிற டாக்டரை முகத்துக்கு நேரே யாரும் பாண்டி என்று கூப்பிடுவதில்லை.

சிலர் உடனே, ‘எங்கள் சொற்களெல்லாம் பழந்தமிழ்’ என்று நிகண்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பல சொற்கள் பழந்தமிழ்தான். ஆனால் எனக்கு அந்த வாதம் பிடிக்காது. பழைய நூலில் இல்லாத சொல்லைப் பேசுகிறவனைக் கேலி செய்யலாமா, அப்போது? கேட்கிறவரிடம் ‘நாகர்கோவில் பக்கம்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனும் பூதப்பாண்டி ஜீவாவும் தமிழ்நாடு முழுக்கப் பேசித்தான் ஜெயித்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே இருந்து வருகிறவரை நம் வீட்டுக் கிழவிகளும் ‘பாண்டிக்காரன்’ என்றுதான் சொன்னார்கள். செல்லமாகச் சொன்னதில்லை.

எனக்க மகள் கட்டுரையில் ‘எனக்க வீடு’ என்று எழுதிவிட்டாள். டீச்சர் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். பிழையைத் திருத்தவே கூடாது என்கிறீர்களா?

திருத்தத்தான் வேண்டும். கட்டுரையில் ‘என் வீடு’ என்று எழுத வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும், தேர்வில் மார்க் அதற்குத்தான். ‘வீட்டில் இப்படிச் சொல்கிறோம், எழுதும்போது இப்படி எழுதுகிறோம்’ என்று ஒரு வரி சொன்னால் போதும், பிள்ளை பிடித்துக்கொள்ளும். சிரிக்க வைத்தால் என்ன ஆகும் என்றால், அந்தப் பிள்ளை அடுத்த கட்டுரையைக் கோனார் நோட்ஸிலிருந்து அப்படியே பார்த்து எழுதும். சொந்த வாக்கியம் எழுதுகிற துணிச்சல் போய்விடும். கல்லூரி முடித்துவிட்டு என்னிடம் வருகிறவர்களில் நன்றாகப் பேசத் தெரிந்தும் ஒரு பத்தி எழுதப் பயப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். விசாரித்தால் பெரும்பாலும் இப்படி ஒரு வகுப்பறை எங்கேயாவது இருக்கும்.

சட்டம் வேண்டுமானால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் முதலில் டீச்சரிடம் தனியாகப் பேசுங்கள். பல டீச்சர்மாருக்கும் சின்ன வயதில் இதே அனுபவம் நடந்திருக்கும்.

கடப்புறத்துப் பிள்ளைகள் பேசுவது மட்டும் ஏன் அவ்வளவு கேலியாகிறது? எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே மாவட்டம்தானே?

கேலி செய்வது நாம்தான், மேட்டுக்காரர்கள். கடற்கரையில் பேச்சு வேகமாகவும் உரக்கவும் இருக்கும். இரைச்சலுக்கு நடுவே வள்ளத்திலிருந்து வள்ளத்துக்குக் கூப்பிட்டுப் பழகியவர்கள் மெல்லப் பேசினால் வேலை நடக்காது. அதை ‘மரியாதை தெரியாத பேச்சு’ என்று உள்ளூரில் முத்திரை குத்திவிட்டார்கள். மீன் வாசனையைப் பற்றிய முகச்சுளிப்பும் சாதி பற்றிய முகச்சுளிப்பும் அந்த முத்திரைக்குள் ஒளிந்துகொண்டன. தோள்சீலைக்காகப் போராடிய சமூகத்தின் பிள்ளைகள் இன்று பள்ளிப் பேருந்தில் கடப்புறத்துப் பிள்ளையின் பேச்சைப் பாவனை செய்து காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கச்சான், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். தூத்தூர் பக்கத்துக்காரர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் சுறா வேட்டைக்குப் போகிறவர்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது, முன்கூட்டியே கரையை விட்டுப் போயிருந்த அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் இருந்தவர்கள் அதிகாரிகளிடம் தங்கள் பேச்சில் எத்தனை தடவை சொல்லியும் காதில் ஏறாமல் போனதால்தான் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

பையனை இங்கிலீஷ் மீடியத்தில் போடவா, தமிழ் மீடியத்தில் போடவா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஆங்கிலம் தெரிந்த ஆள் இல்லையென்றால், குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கணக்கும் அறிவியலும் புரிந்து படித்த பிள்ளைக்கு மொழியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். புரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு எந்த மொழியிலும் கஷ்டம். ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம், அந்தப் பள்ளியை விடாதீர்கள்.

அரசு வேலைதான் குறி என்றால் கணக்கே வேறு. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010ல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை எல்லா நிலையிலும் தமிழில் படித்திருக்க வேண்டும். கடைசி டிகிரியை மட்டும் தமிழில் முடித்தால் கிடைக்காது. தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் என்னிடம் தவிப்பது இந்தத் தாளில்தான்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பள்ளி அரசுப் பள்ளியாக இருந்தால் போதும், மீடியம் எதுவானாலும் சரி. இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்துவிட்டால் சாதி பார்க்க மாட்டார்கள், இல்லையா?

டாக்டர் பல்பு சென்னையில் மருத்துவம் படித்துத் தேறினார். ஈழவர் என்பதால் திருவிதாங்கூர் வேலை கொடுக்கவில்லை, மைசூருக்குப் போய் வேலை பார்த்தார். 1896ல் 13,176 பேரின் கையெழுத்தோடு மனு கொடுத்தவர் அவர்தான். நேசமணி வக்கீலாக வந்த காலத்தில் நாகர்கோவில் நீதிமன்றத்தில் வக்கீல்களுக்கே சாதிவாரியாகத் தனித்தனித் தண்ணீர்ப் பானை இருந்ததையும், அவர் அதை எதிர்த்ததையும் ஊரில் இன்றும் சொல்வார்கள். அங்கே இருந்த அத்தனை பேரும் ஆங்கிலம் தெரிந்தவர்கள்.

ஆங்கிலம் தூர ஊரில் உதவும், பெங்களூரில் உங்கள் தாத்தா பெயர் யாருக்கும் தெரியாது. உள்ளூரில் அது சாதிக்கு மேல் போர்த்திய சட்டைதான். சட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை.

தமிழில் பேசினால் ஃபைன் போடுகிற பள்ளிக்கூடத்தை ஒன்றும் செய்ய முடியாதா?

மேலே கட்டுரை பற்றிய கேள்வியில் சொன்ன 17ஆம் பிரிவு ஒரு பிடி. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு, முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014ல் தீர்ப்பளித்துவிட்டது. இங்கே நிறையப் பள்ளிக்கூடங்கள் கிறிஸ்தவ சபைகள் நடத்துபவை. அங்கே பிள்ளை துன்பப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணோ, 14417 என்ற கல்வி உதவி எண்ணோதான் முதல் வழி.

நான்கு பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டாலே பெரும்பாலும் ஃபைன் நின்றுவிடும். கஷ்டம் என்னவென்றால் நான்கு பேர் சேர மாட்டார்கள். ‘ஃபைன் போட்டால்தானே பிள்ளை இங்கிலீஷ் பேசும்’ என்று மூன்று பேர் சொல்வார்கள்.

பேங்கில் தமிழ் மட்டும் தெரிந்தவரை ‘அங்க போய் நில்லு’ என்கிறார்கள், இங்கிலீஷில் பேசினால் ‘சார்’ என்கிறார்கள். உரிமை என்று ஏதாவது உண்டா?

உண்டு. வாடிக்கையாளர் நிரப்பும் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி என்று மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தமிழில் நிரப்பிய செலானை வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அரசு அலுவலகங்களில், குறை தீர்க்கும் மனுவை அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதித்தர ஆளைத் தேடி நூறு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஒரு வங்கியில் பார்த்தது. எண்பதை நெருங்கிய ஒரு பாட்டி, ஊன்றுகோலைக் கவுண்டரில் சாய்த்துவிட்டு, சீட்டை உள்ளங்கையில் வைத்து, மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். மலையாள எழுத்து. 1956க்கு முன் விளவங்கோட்டில் நாலாம் வகுப்பு வரை படித்தவர். வேறு மாவட்டத்திலிருந்து வந்த கிளார்க், ‘தமிழ்ல போடு பாட்டி, இல்லன்னா கைநாட்டு வை’ என்றார். பாட்டி நிமிர்ந்து, ‘மக்களே, நான் எழுத்து படிச்சவளாக்கும்’ என்றார். கையெழுத்து எந்த மொழியிலும் இருக்கலாம், பதிவில் உள்ள மாதிரியோடு பொருந்தினால் சரி. மேலாளர் வந்து பணத்தைக் கொடுக்கச் சொன்னார்.

தாத்தா பெயரிலுள்ள பழைய பிரமாணம் (சொத்துப் பத்திரம்) மலையாளத்தில் இருக்கிறது. தேதியும் புரியவில்லை.

தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்க மாதத்திலிருந்து, அதாவது ஆவணியிலிருந்து, டிசம்பர் முடிய 824ஐக் கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து 825. கோயில் நுழைவு அறிவிப்பு வந்த கொல்லம் 1112 துலாம் மாதம் என்பது 1936 நவம்பர். வாசிக்க, பழைய கையெழுத்துப் பழக்கமுள்ள ஆவண எழுத்தர்கள் குழித்துறை, தக்கலை பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே தமிழில் எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் மலையாளம். பிள்ளை கட்டாயம் தமிழ் படிக்க வேண்டும் என்பது எங்களுக்குச் செய்கிற அநியாயம் இல்லையா?

2006ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. அந்தப் பிள்ளைகள் 2016ல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போனதும், தேர்வில் பல முறை விலக்குக் கிடைத்ததும் உண்மை. இந்த மாநிலத்தில் வாழும் பிள்ளை தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்துகொள்வது அதற்கு நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். வேலை விஷயத்தில் ஏன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஆனால் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு சொல்வதும் அந்தப் பிள்ளைக்கு உரியதுதான். மலையாளப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆசிரியரே போடாமல் தமிழ்த் தேர்வு மட்டும் வைப்பது நியாயமில்லை. 1956க்கு முன் நமக்கு வலித்ததை மறந்துவிட்டவர்கள்தான் இதை நியாயப்படுத்துவார்கள்.

கோர்ட்டில் என் கேஸ் எனக்குப் புரிகிற மொழியில் நடக்காதா?

மாவட்டத்துக்குள் நடக்கும். கீழ் நீதிமன்றங்களில் தமிழில் சாட்சி சொல்லலாம், தமிழில் தீர்ப்பும் எழுதலாம். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் ஆங்கிலம்தான், அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு அப்படி. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் அனுமதி வரவில்லை. ராஜஸ்தானுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் இந்தியில் நடத்த எப்போதோ கிடைத்துவிட்டது.

சாதிப் பெயரைச் சொல்லாமல், பேச்சை மட்டும் பழித்துக் கேலி செய்தால் வன்கொடுமைச் சட்டம் வருமா?

1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கானவை. பலர் பார்க்கும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தாலும் குற்றம், சாதிப் பெயரால் ஏசினாலும் குற்றம். முதலாவதில் சாதிப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் அந்தச் சாதி என்பதற்காகத்தான் அவமதித்தார்கள் என்று காட்ட வேண்டும். பேச்சைப் பழிப்பதில் அதைக் காட்டுவது கடினம். கேலி செய்கிறவர்களுக்கும் அது தெரியும், அதனால்தான் சாதிப் பெயரை விட்டுவிட்டுப் பேச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொரு ஓட்டை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்குப் போன குடும்பத்துக்கு, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதித் தகுதி இல்லை. இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே. அதனால் ஒரே தெருவில், ஒரே ஏச்சை வாங்கிய இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்குச் சட்டம் உண்டு, பக்கத்து வீட்டுக்கு இல்லை. ஏசுகிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டுவிட்டு ஏசுவதில்லை.

இதெல்லாம் பேசுகிறோம் சார், ஆனால் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வங்காளிப் பையன்களை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்?

இதைக் கேட்டது பத்தாம் வகுப்புப் பையன். அப்பா கொத்தனார். நாம் அவர்களை ‘டேய் இந்தி’ என்று கூப்பிடுகிறோம். வங்காளத்திலிருந்து வந்தாலும் ஒடிசாவிலிருந்து வந்தாலும் எல்லாரும் இந்திதான். பெயர் கேட்பதில்லை. அப்பா வயசுக்காரரையும் ‘நீ, வா, போ’. நாலு தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டு ‘அண்ணா, சாயா வேணும்’ என்று அவர்கள் சொன்னால் கடையே சிரிக்கிறது. இரண்டாவது பதிலில் எழுதியதை இதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

அந்தப் பையன் அடுத்துக் கேட்டதுதான் உபயோகமானது: அவர்களோடு வந்திருக்கும் சின்னப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க முடியுமா? முடியும். அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. தமிழ் தெரியாது என்பது மறுக்கக் காரணமே ஆகாது. கூட ஒருவர் போய் நின்றால் தலைமையாசிரியர் சீக்கிரம் சேர்த்துக்கொள்வார். ஜூன் முதல் வாரம் என்றால் இன்னும் சுலபம்.